மூன்று அடுக்குப் பாடமும் ரேகை விழாத என் விரல்களும்

ஆறு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. ஷட்டருக்கு இரண்டு சாவி, மேனேஜர் ரூமுக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் பெரிய ரூமுக்கு ஒன்று. திருவொற்றியூர் ஹைரோட்டில், கீழே டைல்ஸ் கடை, மேலே இரண்டாவது மாடியில் எங்கள் சென்டர். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து நான் வந்து திறந்தால்தான் அங்கே விளக்கு எரியும். மேனேஜர் படியில் நின்று எனக்காகக் காத்திருந்த நாளும் உண்டு. கூட்டித் துடைக்கிற வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பூட்டினால்தான் பூட்டு, திறந்தால்தான் திறப்பு.

போன வருஷம் பெரிய ரூம் கதவுக்கு விரல் வைக்கும் மெஷின் வந்தது. பாடம் நடக்கும்போதே பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவிக் கீழே டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று மேனேஜருக்குக் கோபம். அதனால் வெளியே ஒரு மெஷின், உள்ளே ஒரு மெஷின். உள்ளே போகவும் விரல், வெளியே வரவும் விரல். கதவுப் பக்கத்தில் அழுத்தினால் திறக்கிற பட்டன் ஒன்று இருந்தது. அதையும் கழற்றி, அந்த ஓட்டையை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளை எத்தனை நிமிஷம் வெளியே போனது என்று மேனேஜர் ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரில் தெரிந்துவிடுமாம். கதவு தானாக வந்து சாத்திக்கொள்ளும். சாத்தும்போது மேலே இருக்கிற காந்தம் டக்கென்று பிடிக்கும்.

மெஷின் மாட்டிய அன்றைக்கு எல்லாருக்கும் ரேகை எடுத்தார்கள். என் முறை வந்தது. கட்டை விரலை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. மறுபடி வை என்று அர்த்தம். மறுபடி வைத்தேன். மறுபடி அதையே சொன்னது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. அவள் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாட்ட வந்த ஆள் என் கையைத் திருப்பிப் பார்த்தான். "இன்னா வேல செஞ்சுகினு இருந்தமா நீ? விரல்ல ஒரு கோடு இல்ல, வழவழன்னு கீது."

"எறா உரிச்சேன்" என்றேன்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் இருபத்தாறு வருஷம் இறால் உரித்தேன். ஐஸ் தண்ணீரில் கிடக்கிற இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். தண்ணீரில் குளோரின் கலந்திருப்பார்கள். முதல் வருஷமே தோல் உரியும். உரிந்து உரிந்து, கடைசியில் உரிவதற்கு ஒன்றும் இருக்காது. என்னோடு உரித்த பெண்கள் எல்லாருக்கும் இதே கைதான். ரேஷன் கடையில் எங்களுக்கு விரல் வேண்டாம் என்று கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். இந்தக் கதவுக்குக் கண் கிடையாது.

மேனேஜர் மோசமான மனுஷன் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயப்படுகிறவர். இனிமேல் நானே திறந்துகொள்கிறேன் என்று சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அடுத்த மாசத்துலேர்ந்து மெஷின்ல வர்ற அட்டெண்டன்ஸ்தாம்மா ஹெட் ஆபீஸுக்குப் போவும். உன் பேரு வரலைன்னா நீ வேலைக்கி வரலைன்னு அர்த்தம். மாசக் கடைசிக்குள்ள எப்படியாவது விரல விழ வெச்சுடு. இல்லாங்காட்டி கான்ட்ராக்ட்ல வேற ஆள அனுப்பிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"என் கையிலயும் ஒண்ணும் இல்லியே, சார்" என்றேன். மெஷின் மாட்டியவன் சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். கிளிசரின் வாங்கித் தடவினேன். பாத்திரம் துலக்க ரப்பர் உறை போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி, ஒரு மாதம் கையைத் தண்ணீரில் வைக்காமல் இருந்தால் கோடு திரும்ப முளைக்கும் என்றாள். துடைக்கிற வேலையை விட்டால் கோடு வரும், கோடு வந்தால்தான் துடைக்கிற வேலை இருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

காலையில் மேனேஜர் விரல் வைத்து என்னை உள்ளே விடுவார். நான் பக்கெட்டோடு உள்ளே போனதும் பின்னால் டக். அவ்வளவுதான். யாராவது வந்து திறக்கிற வரைக்கும் நான் உள்ளேதான். மணலி ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தொண்டை எரிகிறது என்று ஜன்னலையெல்லாம் பசை போட்டு அடைத்து ஏசி வைத்திருந்தார்கள். பொறுமையாகத் துடைப்பேன். துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைப்பேன். அதற்குள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடும், பாடம் தொடங்கிவிடும். நடுவில் கதவைத் தட்டி யாரையும் கூப்பிட எனக்கு மனம் வராது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதில் உட்காருவேன். பாடம் ஒன்றரை மணி நேரம். காலையில் தண்ணீர் குடிக்கிறதையே குறைத்துக்கொண்டேன். ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கதவுக்கு ஓரமாக எண்ணூர்ப் பெண் ஒருத்தி உட்காருவாள். கடலுக்குப் போகிற குடும்பம். அவளிடம் நான் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் எழுந்து வந்து விரல் வைத்துவிட்டுப் போய் உட்காருவாள். ஒரு பேச்சும் கிடையாது. அவள் வராத நாளில் வேறு யாராவது பார்க்கிற வரைக்கும் நிற்பேன்.

இப்படி மாட்டிக்கொண்டதால்தான் அந்தப் பாடத்தை நான் கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுத்தது வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் மேடம். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் மார்க்கர், நிற்காத பேச்சு. பலகையில் மூன்று கோடு போட்டாள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"பத்து கம்ப்யூட்டர்னா எப்படி வேணா ஒயர் இழுத்துக் கட்டிடலாம். ஆயிரம் இருந்தா? அடுக்கு அடுக்காப் பிரிச்சாத்தான் சமாளிக்க முடியும். கீழ் அடுக்கு அக்சஸ். உங்க கம்ப்யூட்டர் வந்து சேர்ற இடம். உங்க தெரு மாதிரி வெச்சுக்கங்க. நடு அடுக்கு டிஸ்ட்ரிபியூஷன். தெருவெல்லாம் வந்து சேர்ற முனை. யார் எங்க போகலாம், யார் போகக்கூடாதுன்னு சட்டம் பேசறதெல்லாம் அங்கதான். மேல் அடுக்கு கோர். அது ஹைரோடு. அங்க நிறுத்தி வெச்சு எவனையும் கேள்வி கேக்கக்கூடாது. வேகம் மட்டும்தான் அதோட வேலை."

தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். வாய் சும்மா இருக்காத பையன். "மேடம், ஹைரோடுன்னா நம்ம ஹைரோடா? காலையிலேர்ந்து கண்டெய்னர் லாரி நவுரல. டிரைவர் எறங்கி லுங்கி தோச்சு காயப் போட்டுகினு கீறான்."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன், வரும்போது அந்த லுங்கியை நானும் பார்த்திருந்தேன்.

மேடம் சளைக்கவில்லை. "அதான்டா நானும் சொல்றேன். ஹைரோட்டு வாயிலயே கேட்டப் போட்டு ஒவ்வொருத்தனா பேப்பரக் காட்டுன்னா இப்படித்தான் நிக்கும். கேள்வியெல்லாம் நடு அடுக்குலயே கேட்டு முடிச்சுடணும்."

அப்புறம் இன்னொன்று சொன்னாள். கீழே இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே போக இரண்டு வழி இருக்க வேண்டும், ஒன்று அறுந்தால் இன்னொன்றில் போகலாம் என்று. எண்ணூர்ப் பெண் அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். நான் பலகையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் வழி போட்டிருந்தாள். கதவு எங்கே என்று தேடினேன். அதை அவள் வரையவில்லை.

மறு வாரம் கையால் செய்து பார்க்கிற வகுப்பு. ரூம் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி உண்டு. அதில் தட்டை தட்டையாகப் பெட்டிகள். பெட்டியின் முகத்தில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை பச்சை விளக்கு. தினம் காலையில் பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தூசி தட்டுவது நான்தான். எந்த விளக்கு எப்போது மினுக்கும் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் ரூமுக்குப் போகிறது ஓயாமல் மினுக்கும். பிரின்டருடையது எப்போதாவது ஒரு முறை. எழுதப் படிக்கத் தடவினாலும் எண்ண எனக்குத் தடங்கல் கிடையாது. கொட்டகையில் தட்டு எண்ணிப் பழகியவள்.

அன்றைக்கு மேடம் பிள்ளைகளுக்குப் பழகுவதற்கென்று மூன்று பெட்டிகளை அதே அலமாரியில் அடுக்கினாள். கீழே இரண்டு, மேலே ஒன்று, கீழே இருந்த ஒவ்வொன்றிலிருந்தும் மேலே ஒரு ஒயர். மேல் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சென்டருக்கே வேலை செய்கிற பெரிய பெட்டியில் செருகினாள், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் நெட் வர வேண்டும் என்று. நான்கு நான்கு பேராக வந்து ஒயர் செருகிப் பழகினார்கள். எண்ணூர்ப் பெண்ணின் முறை வந்தபோது, சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். செய்துவிட்டு மேசையில் கிடந்த மஞ்சள் ஒயர் ஒன்றை எடுத்து, கீழே இருந்த இரண்டு பெட்டிகளையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துச் செருகினாள். மேடம் அப்போது பலகைப் பக்கம் திரும்பியிருந்தாள். பார்த்தது நான் ஒருத்தி.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டரெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. "நெட் போச்சு போல. டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள் மேடம். முதலில் ஓடியது தண்டையார்பேட்டைப் பையன். விரல் வைத்தான். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." துடைத்துவிட்டு வைத்தான். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." அடுத்தவன் வைத்தான், அடுத்தவள் வைத்தாள், கடைசியில் மேடமே வந்து வைத்தாள். யாருக்கும் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளாக மறுபடி வை என்று என்னை மட்டும் சொன்ன மெஷின்காரி, அன்றைக்கு எல்லாரையும் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மேனேஜர் மாதவரத்தில் இருக்கிற இன்னொரு சென்டருக்குப் போயிருந்தார். போன் போட்டால், மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவில் நிற்கிறேன், முன்னாலும் போக முடியவில்லை பின்னாலும் போக முடியவில்லை என்றார். டைல்ஸ் கடை ஆள் மேலே வந்து வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தார். காந்தம் அசையவில்லை. கரண்ட் நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டு நிறுத்தினார். ஏசி நின்றது, விளக்கு நின்றது, கதவுக் காந்தம் மட்டும் பிடியை விடவில்லை, அதற்குத் தனி பேட்டரி. அலமாரிப் பெட்டிகளும் பேட்டரியில் ஓடிக்கொண்டேயிருந்தன. மறுபடி போடச் சொன்னோம். ஏசி வருவதற்குள் இருபது பேர் வேர்வை.

"உதைச்சா தொறந்துக்கும் மேடம்" என்று தண்டையார்பேட்டைப் பையன் காலைத் தூக்கினான்.

"உதை. அப்பாலிக்கா உன்ன யாரு மாடிலேர்ந்து தூக்கினு போறது?" என்றேன்.

"இன்னா ஆயா, நீ பாட்டுக்கு ஜாலியா குந்திகினு கீற!"

"நான் தெனம் இப்படித்தான் குந்திகினு கீறேன். உனக்கு இன்னிக்குத்தான் தெரிது."

அவன் தூக்கின காலைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். விளக்கெல்லாம் ஒரே நேரத்தில், மூச்சு விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. "மேடம், அந்தப் பொட்டியில வெளக்கெல்லாம் ஒண்ணா அடிச்சுக்குது, பாரு" என்றேன்.

மேடம் கதவு மெஷினைத் திருப்புளி போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரம் சும்மா இருங்கம்மா, ப்ளீஸ்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சும்மா இருந்தேன். இரண்டாவது தரம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது திமிரென்றால் திமிர். அரை மணி நேரம் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்தபோதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேறு ஒரு காரணமும் இருந்தது. செருகியவள் எனக்குத் தினம் கதவு திறந்துவிடுகிறவள். அவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

மறுபடி மேனேஜர் போன் வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேடம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆவும் மேடம். காலையிலேர்ந்து அந்தம்மா உள்ளதான கீது? தொடைக்கிறேன் தொடைக்கிறேன்னு எதயாவது புடுங்கி வெச்சிருக்கும். நான் அன்னிக்கே சொன்னேன், அதுக்கு மெஷின் ரூம்ல இன்னா வேலைன்னு. மொதல்ல அத மாத்திட்டுத்தான் மறு வேல."

மேடம் என்னைப் பார்த்தாள். நான் எதையும் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியும். பெரிய பெட்டியில் பழகுகிற பெட்டியைச் சேர்த்தது அவள்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். நான் அவள் வாயையே பார்த்தேன்.

"பார்க்கிறேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நான் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, நின்று சரிசெய்துகொண்டு நடந்தேன். அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். "நான் ஒண்ணும் புடுங்கல. இதுல ஒண்ணு கொறையல, ஒண்ணு அதிகமா கீது. அடி ரெண்டு பொட்டிக்கும் நீ போட்டது மேல போறதுதான். குறுக்கால போறது யாரு போட்டது?"

மேடம் வந்து குனிந்து பார்த்தாள். கையை நீட்டி மஞ்சள் ஒயரைப் பிடுங்கினாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த விளக்குகள் அடங்கி, ஒவ்வொன்றும் தன் தன் வழக்கத்துக்கு மினுக்க ஆரம்பித்தது.

"யாரு சொருகினது?" என்றாள். நான் அந்தப் பெண் பக்கம் திரும்பவில்லை. எண்ணூர்ப் பெண் தானாகவே எழுந்தாள்.

"நான்தான் மேடம். ரெண்டு வழி வேணும்னீங்களே. எங்க குப்பத்துல எல்லா சந்துக்கும் குறுக்கால பக்கத்துச் சந்துக்குப் போற மாதிரி ஒரு வழி வுட்டுடுவாங்கோ. தீப் புடிச்சா, தண்ணி ஏறினா, ஒரே வழின்னா எல்லாரும் உள்ளயே மாட்டிக்குவோம். அதான் இதுக்கும் ஒண்ணு வுட்டேன்."

மேடத்துக்குத் திட்ட வாய் வரவில்லை. அங்கேயே நின்று சொன்னாள்: "ரெண்டு வழியும் மேலதான் போகணும்மா, பக்கத்துல இல்ல. மனுஷங்க குறுக்கு வழியில போனா வூட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவாங்க. இந்தப் பெட்டிக்கு எங்க நிக்கணும்னு தெரியாது. ஒரு சேதி வந்தா பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது மேல சொல்லும், மேல இருக்கிறது மறுபடி இதுக்கே சொல்லும். சுத்திச் சுத்தி அதே சேதி, பெருகிப் பெருகி, வேற எதுக்கும் எடம் இருக்காது. பெரிய பெட்டிகளுக்கு அத நிறுத்தற புத்தி இருக்கும். நம்மகிட்ட இருக்கிறது மலிவுப் பெட்டி. ஆபீஸ் பெட்டியில இத நான் சேர்த்திருக்கவே கூடாது. கதவும் அதுலதான் ஓடுது."

அதற்குள் தண்டையார்பேட்டைப் பையன் ஓடிப்போய் விரல் வைத்துவிட்டான். கதவு திறந்தது. மேடம் பேச்சை முடிப்பதற்குள் எல்லாரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள், பெண்கள் கக்கூஸுக்கு, பையன்கள் படிக்கு. மேடமும் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் அது சாத்திக்கொண்டது. டக்.

இருபது பேரையும் வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே நின்றேன். விரல் வைத்தேன், ஒரு நம்பிக்கையில் இல்லை, சும்மா. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." வெகு நேரம் கழித்து யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன பையை எடுக்க வந்தது. அதோடு நானும் வெளியே வந்தேன்.

மேனேஜரிடம் மேடம் அன்றைக்கே நடந்ததைச் சொல்லித் தன் மேல் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பேச்சை எடுக்கவில்லை. திட்டும் வாங்கினாள். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாள் என்னிடம் வந்து, "மா, நேத்து போன்லயே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றாள்.

"தொறக்கலியே" என்றேன்.

மாதக் கடைசி வந்தது. என் விரல் விழவில்லை. வேறு ஆள் வர வேண்டிய நாளும் வந்துகொண்டிருந்தது. மேடம் எனக்காகப் பேசியிருப்பாள் போலிருக்கிறது. மேனேஜர் என்னையும் எண்ணூர்ப் பெண்ணையும் ரூமுக்குக் கூப்பிட்டார். "இதுக்கு ஒரு வழி கீது. இந்தப் பொண்ணோட எடது கை மோதிர விரல உன் பேர்ல ஏத்திடறேன். காலையில அது வரும்போது உனக்கும் சேத்து வெச்சுடட்டும். மெஷினுக்கு நீ வந்தாப்பல. யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. அந்த விரல் என் விரல் இல்லை. ஆனால் வேலையை விட்டு நான் எங்கே போவேன்? அறுபத்து நாலு வயதில் யார் எனக்குத் துடைப்பம் கொடுப்பார்கள்? சரி என்றேன். அந்தப் பெண் விரலை வைத்தாள். மெஷின் முதல் தரத்திலேயே "தேங்க் யூ" என்றது. சின்னத் திரையில் என் பேர் வந்தது. எனக்கு அது ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. தினம் ஒன்பது மணிக்கு நான் வேலைக்கு வந்துவிட்டதை அவள் வந்து சொல்லுவாள். அவள் பஸ் தாமதமானால் நான் தாமதம். ஒரு நாள் அவள் வரவேயில்லை. காய்ச்சலாம். மேனேஜர் கதவு திறந்து என்னை உள்ளே விட்டார், நான் கூட்டினேன், பிள்ளைகள் வந்தார்கள், மேடம் பாடம் தொடங்கினாள். பதினோரு மணிக்கு மேனேஜர் போனோடு உள்ளே வந்தார்.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து கேக்கறாங்கமா. இன்னிக்கு நீ வரலைன்னு காட்டுதாம்."

"வந்து கூட்டி முடிச்சுட்டேன். நீதான சார் கதவு தொறந்து வுட்ட?"

"எனக்குத் தெரியுது. மெஷின்ல வரலியே. இன்னிக்கு லீவுன்னு போட்டுடறேன். நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"லீவா? சரி சார். லீவுல இருக்கிறவ எதுக்குத் தொடைக்கணும்?"

போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலை மடித்து மேலே வைத்துக்கொண்டேன். மேனேஜர், "இன்னாமா இது, பேஜாரு பண்ற" என்றார். நான் பலகையைப் பார்த்தேன். "பிள்ளைங்க முன்னாடி வேணாம், எழுந்து வா" என்றார். வெளியே போகச் சொன்னால் போகலாம், ஆனால் கதவை அவர்தான் திறக்க வேண்டும். திறந்து அனுப்பினால் மத்தியானம் கக்கூஸ் கழுவ ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டீ வேளைக்குப் பிள்ளைகள் பிஸ்கெட் தின்று கீழே சிந்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டைப் பையன் என்னைத் தாண்டும்போது, "ஆயா, லீவு எப்படி கீது?" என்றான். "சோக்கா கீது" என்றேன். மேடம் பாடம் சொல்லிக்கொண்டே ஒரு முறை என்னைப் பார்த்தாள், சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பயம் எனக்கும் இருந்தது. நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால்? உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. வெளியே போகவும் வழியில்லை, வேலை செய்யவும் மனமில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு மேனேஜர் வந்தார். கையில் ஒரு நீள நோட்டு, அதில் புதிதாகக் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு காலால் தடுத்துக்கொண்டு நின்றார். "விரல் விழாதவங்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கலாமான்னு மேல கேட்டேன். இன்னிக்கு மட்டும் வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் கேட்டுச் சொல்றாங்களாம். போடுமா."

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். போடு."

பேனாவை வாங்கினேன். மூன்றாவது வரை படித்தவள். என் பேரை எழுத எனக்கு நேரம் ஆகும். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து, சுழிக்க வேண்டிய இடத்தில் சுழித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கதவு அவர் காலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. "சீக்கிரம்மா, காலு வலிக்குது" என்றார். நான் அடுத்த எழுத்தைத் தொடங்கினேன்.